எடுக்காத பொட்டலம்

"எண்ணெய்ச் சூடு போதுங்களா அண்ணி?"

"எண்ணெய் எதுக்கு உசா, உன்ற கைச்சூடே போதும்."

"அப்புறம் நான் எதுக்குங்க அடுப்புப் பத்த வெச்சேன்?"

"கேஸு தீந்தா உங்கண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கைய எடுக்காத."

எங்கள் செவ்வாய்க்கிழமைகள் இப்படித்தான் தொடங்கும். நல்லெண்ணெயில் எலுமிச்சம்புல் தைலம் நான்கு சொட்டு விட்டு, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவேன். முன்னறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, உன் அம்மா மேசைமேல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மணி நேரம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

சுகன்யா, போன வாரம் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, சோற்றில் வைத்த கையையே பார்த்தாய். "அத்தை, அன்னிக்கு இந்தக் கையால மத்தப் பொட்டலத்த எடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல" என்றாய். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். அதற்குப் பதில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் நடுவில் எங்காவது நல்லவளாகிவிடுவேன். எனக்கு அது பழக்கம்.

குமாரபாளையத்தில் என் குடித்தனம் முறிந்து இரண்டு சூட்கேஸோடு உங்கள் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. பதினோரு வருடம் ஆயிற்று. இந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லிவிடக் கூடாது என்று எல்லோரும் எடுத்துக்கொண்ட கவனம் மட்டும் எனக்குத் தெரியும். உன் அப்பா போர் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போனால் நான்கைந்து மாதம் வர மாட்டார். வீட்டில் நாம் மூன்று பேர். கடைசித் தோசை யாருக்கு என்பதில்கூட நான் யோசித்துத்தான் கை நீட்டுவேன்.

கோயம்புத்தூரில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தேன். அக்குபிரஷர், எண்ணெய்த் தடவல், வாசனைத் தைலங்கள், மூச்சுப் பயிற்சி, வெண்கலக் கிண்ணத்தை ஒலிக்கவிட்டு மனதை அடக்குவது. முன்னறை சோபாவை வெளியே போட்டு எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது உன் அம்மாதான். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் அக்கா வாசலில் நின்று சிரித்தது நினைவிருக்கிறதா?

"காலைப் புடிச்சு உடறதுக்கு சர்ட்டிபிகேட்டு வேறயா? என்ற மருமகளுக்கும் ஒன்னு வாங்கிக் குடு உசா, ஃபிரேம் போட்டு மாட்டறேன்."

"அக்கா, மொதல்ல நீங்க காலைக் காட்டுங்க. உங்க மருமக ஏன் புடிக்க மாட்டீங்கறான்னு தெரிஞ்சு போயிரும்" என்றார் உன் அம்மா.

அடுத்த வாரமே கந்தம்மாள் அக்கா முட்டிவலி என்று வந்து படுத்தார். உன் அம்மா அனுப்பித்தான் முதல் இருபது பேர் வந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நான் நடத்திய அறிமுக வகுப்பில் எழுந்து பேசியதும் அவர்தான். "பத்து வருசமா எனக்கு ராத்திரி தூக்கமே கெடையாதுங்க. எங்க உசா கை பட்ட பொறகு, அவுங்க போன் பண்ணினாக்கூட எந்திரிக்கறதில்லீங்க" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அண்ணிக்குத் தலைவலி குறைந்திருந்தது. தூக்கம் வந்திருந்தது. சூடான எண்ணெயும் மெதுவான மூச்சும் அவ்வளவு செய்யும்.

வகுப்புக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்திருந்தேன். முதல் பக்கத்தில் இருப்பது இது: 'இந்தச் சிகிச்சைகள் மருத்துவத்துக்கு மாற்று ஆகா. உடலில் புதிதாகக் கட்டி தென்பட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.' யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. நம்பித்தான் எழுதினேன். இன்றும் நம்புகிறேன்.

தை மாதம் மூன்றாவது செவ்வாய், அண்ணியின் இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, என் விரலில் ஒன்று தட்டியது. சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் நகரவில்லை. வலிக்கிறதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. இப்படி ஒன்று கையில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு ஒரு முழு நாள் பாடம் நடத்தியிருந்தார்கள். கையை எடு, சொல், அனுப்பு. நான் கையை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு தோள்பட்டைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் வகுப்புக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்துகூட ஆள் வருவதாக இருந்தது. பேச வேண்டியவர் அண்ணி. ஞாயிறு முடியட்டும் என்று நினைத்தேன். ஞாயிறு முடிந்தபோது, ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது.

மாசியில் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"உசா, இங்க ஒன்னு தட்டுப்படுதே. உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியுதுங்க அண்ணி. நெணநீர் தேங்கி நிக்குது. வாராவாரம் தடவி உட்டாக் கரைஞ்சிரும்."

"அப்படியா? நான் பயந்தே போயிட்டேன் சாமி. உனக்குத் தெரிஞ்சிருக்குதுன்னாச் சரி."

இந்தக் கடைசி வரியை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் நாற்பத்தொரு வயதில், எனக்குத் தெரிந்திருந்தால் சரி என்று என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரிடம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஒன்றைக் குறித்துக்கொள். நான் ஒருநாளும் அவரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னதில்லை.

வைகாசியில் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்து, ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக மாறியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு மற்ற இடங்களைத் தடவினேன். அப்போதெல்லாம் அண்ணி சில சமயம் கண்ணைத் திறப்பார்.

"உசா, உங்கிட்ட ஒன்னு கேக்கோணும்."

"பேசாதீங்க அண்ணி. மூச்ச மட்டும் பாருங்க."

உடனே அடங்கிவிடுவார். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததுதான், சிகிச்சையில் பாதி மௌனம் என்று. நான் கற்ற வித்தைகளில் எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

ஆடி பிறந்ததும் உன்னிடம் "சின்னதா ஒரு கட்டி" என்று சொல்லியிருக்கிறார். நீ சத்தம் போட்டாய். அன்றே ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாய். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "கத்தி படற காரியம் கண்ணு. வெண்ணந்தூருச் சின்னம்மாளுக்குக் கத்தி பட்டதும்தான் பரவுச்சு. குலசாமிகிட்ட ஒரு பூக் கேட்டுட்டுப் போயிரலாம்" என்றார். போனில் உன் அப்பாவும் அதையே சொன்னார். நம் வீட்டில் பூக் கேட்காமல் எது நடந்திருக்கிறது? போர் போட இடம் பார்த்தாலும், பெண் கொடுத்தாலும், வண்டி வடக்கே கிளம்பினாலும் பூதான். ஒரு தாளில் வெள்ளைப் பூ, ஒரு தாளில் சிவப்புப் பூ, இரண்டும் ஒரே அளவாக மடித்துச் சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போ, சிவப்பு வந்தால் நில். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். வெள்ளைதான் வந்தது. அதனால் எனக்குப் பூவிடம் பெரிய மரியாதை இல்லை. உன் அம்மாவுக்கு இருந்தது.

"பொட்டலம் நீயே மடி உசா. உன்ற கை நல்ல கை" என்றார்.

அப்போது ஆவணி முகாமுக்கு மூன்று வாரம் இருந்தது. சங்ககிரி ரோட்டில் கல்யாண மண்டபம் பேசியிருந்தேன். 'நலவாழ்வுக்கான இயற்கைச் சிகிச்சைகள், ஓர் அறிமுகம்' என்று நோட்டீஸ் அடித்து, அதில் உன் அம்மாவின் படத்தையும் போட்டிருந்தேன், அரக்குப் புடவை கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, இதுவரை யார் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். ஆறு மாதமாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் தள்ளிப்போனால் போதும். முகாம் முடிந்த மறுநாள் நானே கூட்டிப்போய்விடுவதாக இருந்தேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன். இதை எழுதும்போது எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த நம்பிக்கைதான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. விடிந்ததும் பூப் பறிக்கப் புழக்கடைக்குப் போனேன். அண்ணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். நந்தியாவட்டைச் செடி அவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. செவ்வரளி மதிலோரம். நான் மதிலோரம் மட்டும் போய்விட்டு வந்தேன்.

கோயிலில் உனக்கு நடந்தது தெரியும். பெரியசாமிப் பூசாரி, "சின்னப் புள்ளைங்க யாராச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை. "கண்ணாலம் ஆவாத புள்ள எடுக்கலாம், தப்பில்லீங்க. நீயே எடு சாமி" என்று உன்னைக் கூப்பிட்டார். நீ துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாய். முதலில் இடப்பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டாய். பிறகு மனதை மாற்றிக்கொண்டு வலப்பக்கத்தை எடுத்தாய். பூசாரி பிரித்தார். நீ அங்கேயே அழுதாய். உன் அம்மாதான் உன்னைத் தேற்றினார், "சாமி இப்ப வேண்டாங்குது, அவ்வளவுதானே கண்ணு" என்று. அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அந்த ஒரு கணத்தைத்தான், கை இடமிருந்து வலம் மாறியதைத்தான், நீ பத்து மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். சுமக்க வேண்டாம். நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இரண்டிலும் செவ்வரளிதான் மடித்திருந்தேன்.

மற்றதைக் கிணற்றில் போடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு கைப்பையில் வைத்துவிட்டேன். ஏன் போடவில்லை என்று தெரியவில்லை. இந்தக் காகிதங்களோடு அதையும் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். காய்ந்து சருகாகியிருக்கும், ஆனாலும் நிறம் தெரியும். நான் சொன்னால் நீ நம்ப வேண்டியதில்லை.

ஒருநாளும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். இத்தனை நாள் எதை வைத்துக்கொண்டு நான் தூங்கினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணி முகாமுக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். உன் அம்மா மைக்கை வலது கையில் பிடித்துக்கொண்டு பேசினார். இடது கையைத் தூக்க முடியவில்லை. "எங்க உசா கை பட்டாப் போதுங்க" என்றார். கந்தம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் நான் அவரைக் கூட்டிப்போகவில்லை. அதற்கு மறுநாளும். இப்போது நான் மறைக்க வேண்டியதில் அந்த ஆறு மாதத்தோடு ஒரு பொட்டலமும் சேர்ந்துவிட்டது. புரட்டாசியில் உன் அம்மா அடிக்கடி கண்ணைத் திறந்து என்னையே பார்க்கத் தொடங்கினார். "உசா, ஒன்னு கேக்கோணும்டி, ரொம்ப நாளா." அந்தக் காலையில் குழாயடியில் நின்றவர் பார்த்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நந்தியாவட்டையில் ஒரு பூகூடக் குறையவில்லையே என்று எண்ணியிருப்பார். அதைத்தான் கேட்கப் போகிறார். அவர் வாயைத் திறந்தால் நான் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவேன். அது ஒலித்து அடங்குவதற்குள் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல நோயாளி. சொன்னதையெல்லாம் கேட்பார்.

ஐப்பசியில் தோல் வெடித்தது. நீ காலேஜ் போன பிறகு நான் பஸ் ஏறிச் சங்ககிரி போய், என்னைத் தெரியாத ஒரு மருந்துக் கடையில் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கி வந்தேன். வாடை வந்தது. எண்ணெயில் நான்கு சொட்டு விட்டுக்கொண்டிருந்த தைலத்தைப் பன்னிரண்டு சொட்டாக்கினேன். ஒருநாள் நீகூட, "அத்தை, வீடே கமகமன்னு இருக்குதுங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஈரோட்டில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டதும், நுரையீரலுக்குப் போய்விட்டது என்று சொன்னதும். உன் அம்மா அப்போது, "பயமா இருந்துச்சுங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. தையில் கட்டியைத் தொட்ட நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா வண்டியை வடக்கிலேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பங்குனியில் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன் என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. நீயும் என் தோளில் சாய்ந்து அழுதாய். வாசலில் மாட்டியிருந்த என் சிகிச்சை போர்டை இறக்கிவிட்டேன். துக்கத்தில் இறக்கினேன் என்று நினைக்கிறார்கள்.

ஈரோட்டுக்குப் போனதற்கு முந்தைய நாள் மட்டும் உனக்குத் தெரியாது. என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தாய் என்று உன் அப்பா என்னிடம் கேட்டார். நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படி நடக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வந்தபோது அண்ணி படுக்காமல் மேசைமேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"படுங்க அண்ணி."

"இரு. இன்னிக்குக் கேட்டர்றேன்."

நான் வெண்கலக் கிண்ணத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பலம் அவரிடம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பொட்டலத்தைப் பற்றித்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன பதில் சொல்வது என்று மூன்று மாதமாகத் தயாரித்து வைத்திருந்தேன். அழுகை, சத்தியம், எல்லாம் தயாராக இருந்தது.

"கோவிச்சுக்குவியோன்னுதான் மாசி மாசத்துல இருந்து கேக்காமயே இருந்தேன்" என்றார். "உன்ற வைத்தியத்த நான் நம்பலீன்னு உனக்கு ஆயிருமல்லோ. இப்பத்தான் நாலு பேரு உன்னைய மதிக்கறாங்க. அதைக் கெடுக்கோணுமான்னு இருந்துச்சு."

நான் மற்றக் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை மேசை ஓரத்தில் வைத்தேன்.

"உங்கண்ணன் வடக்க இருக்காங்க. புள்ளைக்குப் பரீட்சை. தனியாப் போறதுக்குத்தான் சாமி எனக்குப் பயமே. பூ செவப்பா வந்தா வந்துட்டுப் போகுது. நீ பக்கத்துல இருந்தீன்னா அன்னிக்கே போயிருப்பேன்."

என் கையை விடாமல், என் முகத்தில் கோபம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஆஸ்பத்திரிக்கு என்ற கூட வாரயா உசா?"